அத்தியாயம் 6: நீங்க எந்த ஊரு?

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பும் மின்சார ரயில், 50 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கடக்கிறது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று போகும் வண்டி. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்காவது ஆளுக்கும் இடம் உண்டு என்பது அதன் எழுதாத சட்டம்.

இத்தனை விதமான மனிதர்களை ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகும் பாதைகள் தமிழ்நாட்டில் குறைவு. அத்திப்பட்டில் இறங்கும் அனல்மின் நிலைய ஊழியர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலையில் ஷிப்டு பார்க்கப் போகிறவர், காலிக் கூடையோடு திரும்பும் மீன்காரப் பெண், பொன்னேரிக் கல்லூரிக்குப் போகும் மாணவி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள், சூலூர்பேட்டை போய் அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் ஒப்பந்தப் பணியாளர் என்று எல்லோரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார்கள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்கண்ணா" என்பதைத் தாண்டி அவர்களில் பெரும்பாலானோர் பேசிக்கொள்வதில்லை. செல்போனைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா? கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உளவியலாளர்கள் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். வந்த விடை, நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் எண்ணத்தைப் புரட்டிப் போடுகிறது.

சிகாகோ ரயிலில் ஒரு சோதனை

சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நடந்தது. பயணிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவினர் பக்கத்தில் உட்காரும் அறியாதவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டாம் குழுவினர் யாரோடும் பேசாமல் தனியே இருக்க வேண்டும். மூன்றாம் குழுவினர் வழக்கம்போலப் பயணம் செய்யலாம். மிக இனிமையான பயணம் அமைந்ததாகச் சொன்னவர்கள், பேசியவர்கள்.

அதே ரயில் பயணிகளில் வேறு சிலரிடம், இந்த மூன்றில் எது இனிமையாக இருக்கும் என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவர்கள் கணிப்பு நேர் எதிராக இருந்தது. தனிமையே சுகம், பேச்சுக் கொடுப்பது தொல்லை என்றார்கள். தினமும் ரயிலில் போய் வருகிறவர்களுக்கே ரயில் பயணத்தில் எது இன்பம் தரும் என்று தெரியவில்லை.

ஆங்கிலேயர்கள் ரயிலில் வாய் திறப்பதே இல்லை என்று பெயரெடுத்தவர்கள். அங்கே இது பலிக்காது என்று பலர் நினைத்ததால் இதே ஆய்வாளர்கள் லண்டன் ரயில்களிலும் சோதித்தார்கள். அங்கும் பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது.

இருவரும் போடும் ஒரே தப்புக் கணக்கு

அப்படியானால் ஏன் பேசுவதில்லை? நீங்கள் பேச்சுக் கொடுத்தால் எத்தனை பேர் பதில் பேசுவார்கள் என்று சிகாகோ பயணிகளிடம் கேட்டபோது, பாதிக்கும் குறைவானவர்களே என்றார்கள். உண்மையில் பேச முயன்ற எவரும் தங்களை யாரும் ஒதுக்கியதாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தின் காத்திருப்பு அறையில் நடந்த இன்னொரு சோதனையில், பேச்சைத் தொடங்கியவருக்குக் கிடைத்த மகிழ்ச்சி, பேச்சுக் கொடுக்கப்பட்டவருக்கும் கிடைத்தது தெரிந்தது.

இங்கே நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். எனக்குப் பேச ஆசை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் செல்போனைப் பார்க்கிறார். அவருக்குப் பேச விருப்பமில்லை என்று முடிவு செய்து நானும் செல்போனை எடுக்கிறேன். அதைப் பார்த்த அவர், எனக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்கிறார். ஒவ்வொருவரும் தன் மௌனத்துக்குத் தயக்கம் காரணம் என்றும், அடுத்தவர் மௌனத்துக்கு விருப்பமின்மை காரணம் என்றும் நினைக்கிறார். பெட்டி முழுவதும் இப்படியே நினைத்தால், யாரும் விரும்பாத அமைதி எல்லோரும் விரும்பியதுபோல நிலைத்துவிடும். சமூக உளவியலில் இதைப் பன்மை அறியாமை என்கிறார்கள்.

பேசி முடித்த பிறகும் தப்புக் கணக்கு விடுவதில்லை. எரிக்கா பூத்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை சந்தித்த இருவரைப் பேசவிட்டு, உரையாடல் முடிந்ததும் இருவரிடமும் தனித்தனியே கேட்டார்கள்: அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்? அடுத்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டார்கள். ஒரே விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடையே இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்தது. நாம் சொதப்பியதை மனம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. எதிரில் இருந்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்.

முகம் தெரியும், பெயர் தெரியாது

சீசன் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இன்னொரு வகை மனிதர்களைத் தெரியும். தினமும் அதே வண்டி, அதே பெட்டி, அதே கதவோரம் நிற்கும் முகங்கள். எந்த நிலையத்தில் ஏறுவார், எந்தப் பை கொண்டுவருவார், எந்தக் கிழமை வரமாட்டார் என்பதெல்லாம் தெரியும். பெயர் தெரியாது. ஒரு வார்த்தை பேசியதில்லை.

இவர்களுக்குப் 'பழகிய அந்நியர்' என்று பெயரிட்டவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம். அவருடைய மாணவர்கள் 1971இல் நியூயார்க் வட்டாரத்தின் ஒரு ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களைப் படம் பிடித்தார்கள். பிறகு அதே நேரத்தில் அங்கு வந்தவர்களிடம் படங்களைக் காட்டி, யார் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். சராசரியாக ஒருவருக்கு முகம் மட்டும் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். பேசிப் பழகியவர்கள் இரண்டு பேர்கூட இல்லை. சிங்கப்பூர்ப் பேருந்துகளின் பயண அட்டைத் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய சந்திப்புகளின் கால ஒழுங்கைக் காட்டியது. ஒரே பேருந்தில் சேர்ந்து சென்ற இருவர் மறுபடி சந்திக்க மிக வாய்ப்புள்ள நேரம் ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்து.

மில்கிராம் கவனித்த இன்னொன்று முக்கியம். பழகிய அந்நியர் இருவர் தம் வழக்கமான இடத்தை விட்டு வேறெங்காவது எதிர்ப்பட்டால் சட்டென்று பேசிவிடுவார்கள். மீஞ்சூரில் ஏறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும் இருவர், ஐந்து வருடம் பேசாதவர்கள், திருப்பதி தரிசன வரிசையில் சந்தித்தால் "நீங்க எட்டு மணி வண்டியில வர்றவர்தானே?" என்று தொடங்கிவிடுவார்கள். பேச்சுக்கான அடித்தளம் முன்பே இருந்தது. தொடங்குவதற்கு ஒரு சாக்குதான் இல்லாமல் இருந்தது.

ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு

அறியாதவரோடு பேசுவது இனிக்கிறது என்றால், அப்போது மூளையில் என்ன நடக்கிறது? உரையாடல் எவ்வளவு கடினமான வேலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, ஒருவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்தவர் தொடங்கச் சராசரியாக 200 மில்லி விநாடியே எடுக்கிறது என்று கண்டது. மிக விரைவாகப் பதில் சொன்ன ஜப்பானியருக்கும் மிக மெதுவாகச் சொன்ன டேனிஷ்காரருக்கும் உள்ள வேறுபாடுகூட அரை விநாடியைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரை உச்சரிக்க மூளைக்குக் குறைந்தது 600 மில்லி விநாடி தேவை. அப்படியென்றால் எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே, அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்து நம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனின் குழு 2010இல் இதை மூளைக்குள் பார்த்தது. ஒரு பெண் கதை சொல்லும்போது அவருடைய மூளைச் செயல்பாட்டைப் பதிவு செய்து, கதை கேட்பவர்களின் மூளையோடு ஒப்பிட்டார்கள். கேட்பவர் மூளை, சொல்பவர் மூளையின் தடத்தைச் சற்றுப் பின்னால் தொடர்ந்தது. சில பகுதிகளில் முந்திக்கொண்டும் ஓடியது. அந்த முந்தல் அதிகமாக இருந்தவர்கள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கேட்பவருக்குத் தெரியாத ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது இந்த இணைவு காணாமல் போனது.

நண்பர் அடுத்து என்ன சொல்வார் என்பது பாதி தெரியும். அறியாதவரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிதாக ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகம் சரியாக விழுந்து, பதிலுக்குப் பதில் தடையின்றி ஓடத் தொடங்கும் கட்டத்தில் ஒரு நெருக்கம் பிறக்கிறது. எமா டெம்பிள்டன் குழுவினரின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, பதில்கள் எவ்வளவு விரைவாக வருகின்றனவோ அவ்வளவு நெருக்கத்தை இருவரும் உணர்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு முன் யாரென்றே தெரியாத ஒருவரோடு அந்த ஓட்டம் அமைவது மூளையின் பெரிய சாதனை.

இறங்கும் இடம் தெரிந்த பேச்சு

வீட்டில் சொல்ல முடியாததை ரயிலில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. மகனின் படிப்புக் கடன், மாமியாரின் வியாதி, விட்டுவிட நினைக்கும் வேலை. ஜெர்மானியச் சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1908லேயே இதற்குக் காரணம் சொன்னார். அந்நியர் நம் உறவுச் சிக்கலுக்குள் இல்லாதவர். நம் ரகசியம் அவரிடமிருந்து நம் தெருவுக்குத் திரும்பி வராது. அதனால் நெருங்கியவரிடம் மறைப்பதை அவரிடம் ஒப்படைக்கிறோம். மைக்கேல் கார்டஸ், அமித் குமார், எப்லி மூவரும் செய்த சோதனைகளில், அறியாதவரோடு மனதின் ஆழத்திலிருந்து பேசுவது சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், பேசியபின் அவ்வளவு சங்கடம் இருக்கவில்லை என்றார்கள்.

ரயில் பேச்சுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அது தானாக முடிகிறது. ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் 100க்கு 2 மட்டுமே. சிலது ஒருவருக்கு நீண்டுவிடுகிறது, சிலது குறைந்துவிடுகிறது. எப்போது நிறுத்துவது என்பதை வெளிப்படையாகக் கேட்க மரியாதை இடம் தருவதில்லை. வெட்டிக்கொண்டு வர முடியாதே என்ற பயத்தில்தான் பலர் தொடங்குவதே இல்லை. "நான் பொன்னேரியில இறங்கிடுவேன்" என்ற ஒரு வாக்கியம் அந்தப் பயத்தை நீக்கிவிடுகிறது. முடிவு முன்கூட்டியே தெரிந்த பேச்சில் யாருக்கும் மாட்டிக்கொண்ட உணர்வு வராது.

வழியில் கிடைக்கும் வேலை

இனிமை ஒருபுறம் இருக்க, இந்தப் பேச்சுகளுக்குப் பொருளாதாரப் பயனும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரைக்காக, பாஸ்டன் நகருக்கு அருகே அறிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், தகவல் தந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்தார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பவர் மூலம் என்றவர்கள் 100க்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு வேலை கிடைத்தது எப்போதாவது பார்ப்பவர், கிட்டத்தட்ட மறந்தே போனவர் மூலம். நம் நெருங்கிய வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். புதிய செய்தி வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரின் தொடர்புகளை ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வும், வேலை மாற்றத்துக்கு ஓரளவு மெலிந்த தொடர்புகளே அதிகம் உதவுவதை உறுதி செய்தது.

தமிழுக்கு இது புதிய செய்தி இல்லை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞரைச் சந்தித்து, எந்த வள்ளலிடம் போனால் வாழ்வு கிடைக்கும் என்று வழிகாட்டுவது அவற்றில் நான்கின் அமைப்பு. பெரும்பாணாற்றுப்படை வழிகாட்டுவது காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம். அந்தத் தொண்டை நாட்டின் வடபகுதியில்தான் இன்றைய கும்மிடிப்பூண்டி இருக்கிறது. எந்த நிலத்தில் யார் இருப்பார்கள், என்ன உணவு தருவார்கள் என்று வழிநெடுக விவரம் சொல்லும் நூல் அது. வேலைவாய்ப்புத் தகவல் வழிப்போக்கர் வாயிலாகப் பரவுவதை ஓர் இலக்கிய வகையாகவே ஆக்கிய மொழி நம்முடையது.

சிப்காட் வாசல் டீக்கடைகளில் அந்த வழிகாட்டல் இன்றும் நடக்கிறது. எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்தக் கான்ட்ராக்டர் சம்பளத்தைத் தேதி தவறாமல் தருகிறார், எங்கே பி.எஃப். பிடித்தும் கட்டுவதில்லை என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் வராது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்துதான் வரும்.

வேலை தவிர அறிவும் வரும். ஸ்டாவ் அடிர், கிறிஸ்டினா வால்ட், எப்லி ஆகியோரின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, அறியாதவரிடமிருந்து எவ்வளவு கற்றுக்கொள்வோம் என்பதை மக்கள் மிகக் குறைத்து மதிப்பிடுவதைக் காட்டியது. கும்மிடிப்பூண்டி வண்டியில் அது வெளிப்படையான உண்மை. உருட்டாலையில் வருடக்கணக்கில் நின்றவர், 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய எஃகுக் கட்டியின் சூட்டை அதன் நிறத்தைப் பார்த்தே கணிப்பார். பழவேற்காட்டுக்காரர் ஏரியின் முகத்துவாரம் எப்போது மணல் மூடும், மூடினால் இறால் என்னவாகும் என்று சொல்வார். ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக முடியாத கணக்கும் அவரிடம் உண்டு. இவர்கள் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி விசாரணை ஆகும்போது

எல்லாப் பேச்சும் இன்பம் தருவதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "நீங்க எந்த ஊரு?" என்று தொடங்குவது நம் வழக்கம். பதில் வந்ததும் "அங்க கீரை விளைச்சல் எப்படி?" என்று போனால் அது பேச்சு. "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?" என்று இறங்கினால் கேட்பவர் சாதியைத் தேடுகிறார் என்பது கேட்கப்படுபவருக்கு உடனே தெரியும். அதன்பின் அவர் மூடிக்கொள்வது தற்காப்பு. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞருக்கு ஊர் எது என்ற கேள்வி வேறு விதமாக வலிக்கலாம். தனியே பயணம் செய்யும் பெண்ணுக்கு, முன்பின் தெரியாத ஆணின் பேச்சில் இன்பத்தைவிட எச்சரிக்கையே முதலில் எழும். மகளிர் பெட்டியில் பேச்சு தாராளமாக ஓடுவதற்குக் காரணம் அங்கே அந்தக் காவல் தேவைப்படுவதில்லை என்பதே. பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை எதிரில் இருப்பவருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டால்தான் பேச்சு இருவருக்கும் சொந்தமாகும்.

எப்படிக் கேட்பது என்பதற்கும் ஆய்வு வழி சொல்கிறது. ஹார்வர்டில் கேரன் ஹுவாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கேள்வி கேட்பவர்களை, குறிப்பாக எதிராளி சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பவர்களை, மக்களுக்கு அதிகம் பிடித்தது. தன் பட்டியலிலிருந்து கேட்பது விசாரணை. அவர் சொன்னதிலிருந்து கேட்பது அக்கறை.

மொழி தெரியாதவர்களிடம் என்ன செய்வது? தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெவ்வேறு குழுவினர் நேரில் பழகுவது பொதுவாக முன்முடிவுகளைக் குறைக்கிறது என்று தெரிந்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பி நிலைமையைப் பார்க்க வேண்டி வந்தது. ஒரு மாநிலத்து மக்களைப் பற்றித் திரையில் மட்டுமே தெரிந்தவருக்கு அந்தக் காணொளியைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை. தினமும் டீக்கடையில் "க்யா பாய், நைட் ஷிப்டா?" என்று கேட்கும் ஒருவரைத் தெரிந்தவருக்குக் காரணம் இருக்கிறது. உடைந்த இந்தியும் உடைந்த தமிழும் அதற்குப் போதும். ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கம் வரை தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்தப் பகுதிக்கு அது பழகிய கலை.

ஒரு வாரப் பயிற்சி

தயக்கம் பிறவிக் குணமா, பழக்கத்தால் மாறுமா? ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், பூத்பி, கஸ் கூனி மூவரும் ஒரு வாரச் சோதனை ஒன்றை வடிவமைத்தார்கள். பங்கேற்றவர்கள் ஒரு விளையாட்டின் பகுதியாகத் தினமும் அறியாத ஒருவரைத் தேடிப்போய்ப் பேச வேண்டும். வார முடிவில் மறுக்கப்படுவோம் என்ற பயம் குறைந்திருந்தது, பேசத் தெரியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. அந்த மாற்றம் அடுத்த வாரமும் நீடித்தது. ஒரே ஒரு நல்ல உரையாடல் இதைச் செய்வதில்லை. அந்த மனிதர் நல்லவராக வாய்த்துவிட்டார் என்று மனம் விதிவிலக்கு சொல்லிவிடும். திரும்பத் திரும்ப நடந்தால்தான் கணக்கு திருந்துகிறது.

நீண்ட பேச்சுதான் வேண்டும் என்றும் இல்லை. சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் கனடாவின் வான்கூவர் நகரக் காபிக் கடையில் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையில், காசாளரின் முகம் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசியவர்கள், வேலையை மட்டும் முடித்துக்கொண்டு நகர்ந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். இந்த ஊரில் நமக்கும் இடமுண்டு என்ற உணர்வு அதற்குக் காரணமாக இருந்தது. வேலை தேடி வந்தவர்களால் நிறைந்த ஒரு தொழிற்பேட்டைக்கு அந்த உணர்வைவிடப் பெரிய தேவை கிடையாது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் சொன்னது. வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரே அறையில் பலரோடு தங்கி, ஷிப்டு மாறி மாறி உறங்கும் ஒருவருக்கு, பெயர் சொல்லி அழைக்கும் டீக்கடைக்காரரும் பக்கத்து இருக்கைக்காரரும் அன்றைய நாளின் மனித உறவாக இருக்கக்கூடும்.

ஆகவே கேட்கத் தொடங்குங்கள். ஊரைக் கேட்பதைவிட வேலையின் நுட்பத்தைக் கேளுங்கள்: அந்த மெஷினில் என்ன வரும், இந்த மீனை எப்படிப் பார்த்து வாங்குவது, இந்த வண்டி எப்போதும் இவ்வளவு தாமதமா? பதில் சுருக்கமாக வந்தால் விட்டுவிடுங்கள். நீண்டு வந்தால் அதிலிருந்தே அடுத்ததைக் கேளுங்கள். எதிரில் இருப்பவர் பேச விரும்பமாட்டார் என்று உங்கள் மனம் சொல்லும். சிகாகோவிலும் லண்டனிலும் மனங்கள் அப்படித்தான் சொல்லின. அந்தக் கணிப்பு தவறு என்பதற்கு ஆதாரம் இப்போது நம் கையில் இருக்கிறது.